எடை கூடித் திரும்பிய பானை

‘திருப்பி அனுப்பக் கட்டணம் இல்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு, அந்தச் செலவை ஏதோ தாராள மனசுக்காரக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது என்று நம்பியவன் நான். வாங்குகிறவன் நம்பினால் பரவாயில்லை. நான் விற்கிற பக்கம் உட்கார்ந்துகொண்டு நம்பினேன்.

போன வருஷம் தை, மாசி வாக்கில், தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மனைவி சீட்டு எடுத்த பணத்தில் கும்பகோணத்துக் கடை ஒன்றில் பித்தளைப் பானைகள் வாங்கி, இணையச் சந்தை ஒன்றில் விற்க ஆரம்பித்திருந்தாள். பொங்கலுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பால் காய்ச்ச ஏற்ற பானைகள். பதிவு செய்தது, படம் பிடித்தது, விலை வைத்தது எல்லாம் நான். நிபந்தனைகளைப் படித்தாயிற்றா என்று அவள் கேட்டபோது, இதைவிடத் தடிமனான ருஷ்ய நாவல்களையே படித்தவன் நான் என்று சொன்னேன். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

பானைகள் விற்றன. பணம்தான் மெலிந்து மெலிந்து வந்தது. ஒருநாள் கைபேசியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: “இந்த மாசமும் கையைக் கடிச்சுதுன்னா, மிச்சப் பானையை எல்லாம் கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடறேன். காசு எங்க போகுதுன்னாவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். அவளுக்குக் கவலை; எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சுவாரசியமாக இருந்தது. விற்றால் தரகு. என்ன விலைக்கு விற்றாலும் நிலையாக ஒரு கட்டணம். வாங்குகிறவரிடம் பணத்தை வசூலித்துத் தருவதற்கு ஒன்று. கொண்டுபோய்ச் சேர்க்க, எடைக்கேற்ப ஒன்று. இந்தக் கட்டணங்கள் மீது வரி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லாம் சேர்ந்து வந்தபோதுதான் கொள்ளையாகத் தெரிந்தது.

அதில் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கோயம்புத்தூருக்குப் போன ஒரு பானை திரும்பி வந்திருந்தது. போன கூலி, வந்த கூலி இரண்டும் எங்கள் தலையில். இலவசம் என்றால் யாரோ ஒருவர் கொடுக்கிறார்; அந்த யாரோ நாங்கள்தான். அதுகூடப் புரிந்துவிட்டது. ஆனால் போன கூலியைவிட வந்த கூலி அதிகமாக இருந்தது. அதே பானை, அதே தூரம்.

உதவி எண்ணில் பேசிய பையன் மிகவும் மரியாதைக்காரன். எடை கூடியிருக்கிறது, அதனால் அடுத்த எடைப் படிக்கான முழுக் கூலி விழுந்திருக்கிறது என்றான்.

“பித்தளை எப்படி தம்பி சதை போடும்?”

“சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது.”

ஆட்சேபம் இருந்தால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான். பெட்டி பரணில் கிடந்தது. அதன் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல் மனைவி பிரிக்காமலே போட்டிருந்தாள். இறக்கினேன். அவள் கைபேசியைப் பிடித்துக்கொள்ள, நான் தொண்டையைச் செருமி, ஒரு பானை ஊருக்குப் போய்வந்தால் எடை கூடுமா என்று வக்கீல் மாதிரி கேட்டுக்கொண்டே பெட்டியை அறுத்தேன்.

பானைக்குள் ஒரு மஞ்சள் தாம்பூலப் பை. அதில் முழுத் தேங்காய் ஒன்று, பாக்குப் பொட்டலம், மஞ்சள், குங்குமம், ஒரு டப்பாவில் நெய் சிக்கு வாடை அடித்த லட்டுகள். பானையைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார்கள். கழுத்தில் மட்டும் மஞ்சள் கறை கொஞ்சம் மிச்சம். யாரோ புதுவீட்டில் பால் காய்ச்சிவிட்டு, பானையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தென்னை இல்லாத கொல்லையைப் பார்ப்பதே அரிதான ஊருக்கு, கோயம்புத்தூரிலிருந்து கூலி கொடுத்து ஒரு தேங்காயை வரவழைத்திருக்கிறோம்.

நான் கொதித்தேன். ஏமாற்று வேலை, விடப்போவதில்லை என்றேன். மனைவி கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மாதத்தில் முதல் தடவையாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு வெச்சு அனுப்பியிருக்காங்க. நம்மகிட்ட இரவல் கேக்கத்தான் மறந்துட்டாங்க.” தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். “ஒரு நாளைக்குத்தான் பானை வேணும்னா, கேட்டே வாங்கிட்டுப் போகட்டுமே. வாடகைக்கு விட்டா என்னங்க?”

வீடியோவை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கம்பெனி சொன்னதுதான் சரி என்று நானே சாட்சி சொன்னதாகியிருக்கும். பானைகளும் கும்பகோணம் போகவில்லை. இன்று உள்ளூரில் முகூர்த்த நாட்களில் அவை வாடகைக்குப் போய், பால் பொங்கி, வீடு திரும்புகின்றன. சில சமயம் லட்டோடு.

அந்தக் கோயம்புத்தூர்க்காரர் யார் என்று இன்றுவரை தெரியாது. எங்களுக்கு நஷ்டத்தையும் மரியாதையையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பியவர் அவர். புரியாத கட்டணம் எதையாவது பார்த்தால், இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால், உள்ளே யார் எதை வைத்துக் கட்டினார்களோ என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இதையெல்லாம் பக்கத்துத் தெரு நண்பரிடம் சொல்லி, இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில் நம் ஜனங்களுக்கு இருக்கும் பண்பாட்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க வீட்டுலேருந்து நீங்க எடுத்துட்டுப் போன புத்தகம் எல்லாம் இருக்குல்ல, அதுக்குத் தேங்கா, லட்டுல்லாம் வேணாங்க. வெறும் புத்தகம் வந்தாப் போதும்.”