கண்ணாடி தின்ற வெளிச்சம்

1. அண்ணன் தன் அம்பாசிடர் டாக்சியின் நான்கு பக்கக் கண்ணாடிகளிலும், செல்லூரில் ஒரு கடையில், கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொண்டு வந்தார்.

2. ரோட்டில் ஓடத் தகுதியான வண்டி என்று தரும் எஃப்.சி. சான்றுக்குக் கொண்டுபோனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஃபிலிமைப் பிரித்துவிட்டு வரச் சொன்னார்.

3. அண்ணன் வாதாடினார். புது விதிப்படி பக்கக் கண்ணாடி வழியாகப் பாதி வெளிச்சம் உள்ளே வந்தால் போதும். தான் ஒட்டியது ஐம்பது சதவீத ஃபிலிம் என்றார்.

4. அப்படியானால் யாரையாவது வைத்து அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், வெள்ளிக்கிழமை வரை நேரம் என்றார் இன்ஸ்பெக்டர்.

5. அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

நான் அப்போது பசுமலைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் எங்கள் அலமாரியில் இருந்தது. துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டு ஒரு மதியம் எடுத்து வந்தேன்.

அண்ணனின் வண்டி கண் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வண்டி. ஆபரேஷன் முடிந்தவர்களை உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் கொண்டுபோய் விடுவார். ஒருமுறை ஒரு அம்மாள், வெயில் குத்துகிறது என்று வழி முழுக்க முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதிருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஃபிலிம். இப்போது ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி வண்டியைக் கேட்டு வருகிறார்கள். பிரித்தால் அவர்கள் வருவார்களா என்பது நிச்சயமில்லை. பிரிக்காவிட்டால் எஃப்.சி. இல்லை, வண்டியே ஓடாது.

முதலில், மிச்சமிருந்த ஃபிலிம் துண்டை மீட்டருக்கு முன்னால் பிடித்தேன். நூறுக்கு ஐம்பது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பிறகு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியை ஏற்றி, அதற்குப் பின்னால் மீட்டரை வைத்தேன். நாற்பத்து மூன்று. மூன்று முறை அளந்தும் அதேதான்.

முன்கதவின் சிறிய முக்கோணக் கண்ணாடியில் ஃபிலிம் இல்லை. அங்கே வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. எண்பத்தாறு. ஒன்றுமே ஒட்டாத, துடைத்து வைத்த வெறும் கண்ணாடி நூறில் பதினான்கைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் பாதியைத்தான் ஃபிலிம் விடுகிறது. அண்ணனும் கடைக்காரரும் ஃபிலிமை மட்டும் கணக்கில் எடுத்து, கண்ணாடியை மறந்துவிட்டார்கள். நானும் அதுவரை கண்ணாடியை ஒரு பொருளாகவே நினைத்ததில்லை.

பின்சீட்டில் உட்கார்ந்து நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினேன். வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று கையிலிருந்த மீட்டர் சொல்லியது. என் கண்ணோ ஒன்றும் குறையவில்லை என்றது. பேப்பரின் பொடி எழுத்தை எப்போதும்போல வாசித்தேன். அத்தனை பெரிய இழப்பைக் கண் ஒரு நொடியில் சரிக்கட்டிவிட்டு, எனக்குத் தெரிவிக்கவும் இல்லை. மூன்று வருடம் கருவிகளைப் படித்தவள் நான்; இப்படி ஒரு கருவியை முகத்தில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெகுநேரம் இறங்காமல் இருந்தேன்.

அண்ணன் குனிந்து எவ்வளவு என்று கேட்டார்.

"நாப்பத்திமூணு வருதுண்ணே."

"பரீட்சையில முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸுதான பாப்பா? ஏழுதான், கூடப் போட்டு எழுது."

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேட்டார். எழுத முடியாது என்றேன். நான் டிரைவர் சீட்டுக்கு மாறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ரோட்டைத் தாண்டப் போகிறவர் மாதிரி பக்கவாட்டிலிருந்து அவரை நடந்து வரச் சொன்னேன். இரண்டடி வந்தவர் நின்றுவிட்டார்.

"நீ என்னயப் பாக்குறியா, அங்கிட்டுப் பாக்குறியா?"

"உங்களத்தாண்ணே பாக்குறேன்."

"தெரியலயே." கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தார். "சைக்கிள்ல வாரவன் நம்ம கண்ணப் பாத்துத்தான குறுக்க விடுவான்."

அன்று மாலையே சோப்புத் தண்ணீரும் பிளேடும் வைத்து அவரே நான்கையும் உரித்தார். நான் பசையைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை எஃப்.சி. கிடைத்தது. என் கணக்குப்படி அறுபதோ அதற்கு மேலோ உள்ள ஃபிலிம் ஒட்டினால் விதிக்குள் வரும்; செல்லூர்க் கடையில் அது இல்லை, சொல்லி வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரி வாசலில் சிலர் வேறு வண்டிக்குப் போகிறார்கள். வருகிறவர்களை அண்ணன் காலையா மாலையா என்று பார்த்து, வெயில் படாத பக்கம் உட்கார வைக்கிறார்.