அண்ணியின் இலவச லாரி

என் கணவரின் அக்கா யாருக்கும் ஒரு நாள்கூடக் கடன் பாக்கி வைத்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். கல்யாண மண்டபத்தில் சொல்வார், ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்வார், எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது சிக்னலில் நின்றுகொண்டு சொல்வார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவரிடம் கார் ஓட்டப் படிக்கிற பெண்களோ கண்ணாடி டீச்சர் என்பார்கள். "கண்ணாடி பாரு, கண்ணாடி பாரு" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வதால் வந்த பெயர்.

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருவதுதான் அவர் தொழில். கணவர் விட்டுவிட்டுப் போன வருஷம் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி, பக்கத்து சீட்டின் காலடியில் தனக்கென்று இன்னொரு பிரேக் வைத்து, கூரையில் பலகை மாட்டி ஆரம்பித்தார். அந்த ஒரு காரை வைத்தே தம்பியைப் படிக்கவைத்தார், மகளைக் கட்டிக்கொடுத்தார். ஸ்டியரிங்கைத் தொடவே பயந்த எத்தனையோ பெண்கள் இன்று நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்கள் என்றால் அது அவர் புண்ணியம். ஆள் நல்லவர்தான். எனக்கு நல்லவர்களோடுதான் எப்போதும் தகராறு.

அவருக்கு இலவசம் என்றால் உயிர். அவருடைய வங்கியில் 'சிறப்புக் கணக்கு' என்று ஒன்று உண்டு. கிரெடிட் கார்டு பில்லை மாதம் ஒருமுறை அந்தக் கணக்கிலிருந்து கட்டிவந்தால் சலுகைகள் தருவார்கள். கைப்பேசி உடைந்தால் காப்பீடு, மாதம் இரண்டு சினிமா டிக்கெட், கார் நடுவழியில் நின்றால் வந்து சரிசெய்யவோ தூக்கிப்போகவோ ஒரு லாரி. சினிமாவே பிடிக்காதவர், டிக்கெட் வீணாகக்கூடாது என்பதற்காகத் தியேட்டருக்குப் போய் ஏசியில் தூங்கிவிட்டு வருவார். லாரியை மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிட வாய்த்ததில்லை. அந்தக் குறை அவருக்கு இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். நாள் முழுக்க நின்றபடி வேலை, கால் வீங்கிப்போகும். வீடு வீடாகக் காரில் போய் ரத்தம் எடுத்துவரும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் கூடுதல், வண்டியும் அவர்களுடையது. ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பரீட்சைக்குப் பத்து மணிக்கு இடம் கிடைத்தது. இதைத் தவறவிட்டால் அடுத்த இடம் பத்து வாரம் கழித்துத்தான். விண்ணப்பத்தில் எழுதிய வண்டியில்தான் பரீட்சை, அதாவது அண்ணியின் காரில்.

அன்று காலை நேரத்தோடேதான் கிளம்பினோம். பாதி வழியில், ஒரு டயர் கடைக்கு எதிரே, கார் இருமியது, குலுங்கியது, நின்றது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்கிறது, அவ்வளவுதான். நான் மணியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அண்ணியின் முகத்திலோ, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மலர்ச்சி.

"ஏன் பதறுற? நமக்கு லாரி இருக்கு. ஃப்ரீ," என்றபடி வங்கிக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

எடுத்த பெண் பணிவாகத்தான் பேசினாள். "மேடம், உங்க கணக்குல அந்தச் சலுகையை இப்ப நிறுத்தி வெச்சிருக்கு. போன மாசம் நீங்க கார்டு பில் கட்டலை."

"யாரு? நான் கட்டலையா?" அண்ணியின் குரல் எகிறியது. "போன மாசம் எனக்கு பில்லே வரலையேம்மா. வராத பில்லை எப்படிக் கட்டறது?"

விஷயம் இதுதான். அவர் கார்டு பில் ஒவ்வொரு மாதமும் இருபத்தெட்டாம் தேதி கட்ட வேண்டியது. மாணவிகள் கட்டணம் தருவதோ முதல் வாரத்தில். மாதக் கடைசியில் கை வறண்டுவிடுகிறது என்று, கெடுவை ஐந்தாம் தேதிக்கு மாற்றச் சொன்னார். வங்கியும் சந்தோஷமாக மாற்றித் தந்தது. போன மாதம் இருபத்தெட்டில் கட்டியிருக்க வேண்டிய பில் இந்த மாதம் ஐந்துக்கு நகர்ந்தது. அண்ணி அதை நேற்றே ஒழுங்காகக் கட்டிவிட்டார். ஆனால் நடுவில் ஒரு மாதம், பில்லும் இல்லாமல் கட்டணமும் இல்லாமல், காலியாகப் போய்விட்டது. கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியுமா? காலி மாதத்தைப் பார்த்தது, சலுகையை வெட்டிவிட்டது.

"தேதியை மாத்தச் சொன்னது நீங்கதானே மேடம்?"

"மாத்திக் குடுத்தது நீங்கதானே? மாத்தும்போது இப்படி ஆகும்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"ஆப்ல அறிவிப்பு போட்டிருக்கோம் மேடம். நேத்து நீங்க கட்டினதுக்கு அடுத்த மாசத்துலேர்ந்து சலுகை திரும்ப வந்துடும்."

"வண்டி இன்னிக்கில்ல நின்னிருக்கு! உன் மேலதிகாரியைக் கூப்பிடு."

அண்ணி சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தப்பான ஆளோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம், சரியான ஆளை என்ன செய்வது? மேலதிகாரி வரும்வரை போனில் ஒரு சங்கீதம் ஓடியது. நான் இறங்கி, எதிரே டயர் கடையில் கேட்டேன். அடுத்த தெருவில் மெக்கானிக் இருக்கிறார், கூப்பிட்டால் உடனே வருவார் என்று கடைக்காரர் போன் போட்டுக் கொடுத்தார். மெக்கானிக் கேட்ட கூலி அண்ணி இரண்டு வகுப்புக்கு வாங்கும் காசு.

ஓடிவந்து சொன்னேன். "அண்ணி, மெக்கானிக் பத்து நிமிஷத்துல வந்துடுவாராம். இப்ப வந்தா பரீட்சைக்குப் போயிடலாம். வெச்சிடுங்க போனை."

"எதுக்குக் காசு குடுக்கணும்? இவங்க அனுப்ப வேண்டிய லாரி."

"நான் குடுக்கறேன் அண்ணி."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. "என் வண்டிக்கு நீ காசு குடுக்கறியா? நான் என்ன அவ்வளவு போயிட்டேனா?"

கணவருக்குப் போன் செய்தேன். "அக்காகிட்ட நான் எப்படிச் சொல்றது? நீயே பதமா எடுத்துச் சொல்லு," என்று நைசாகக் கழன்றுகொண்டார். பதமாகச் சொன்னேன். கெஞ்சிச் சொன்னேன். ஒரு கட்டத்தில் போனைப் பிடுங்கலாமா என்றுகூடக் கை பரபரத்தது. வீட்டுக்கு மூத்தவர், ஓசியில் கற்றுக்கொடுத்தவர், என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். மெக்கானிக் டயர் கடைக்கே திரும்பப் போன் செய்ய, கடைக்காரர் அங்கிருந்தே வரச்சொல்லவா வேண்டாமா என்று கேட்டார். அண்ணி, வேண்டாம் என்று கையாட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேலதிகாரி வந்தார். அண்ணி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் இன்னொரு பிரிவுக்கு மாற்றினார். அங்கேயும் முதலிலிருந்து. வண்டி எண், பிறந்த தேதி, அம்மா பெயர், மறுபடியும் சங்கீதம். வெயில் ஏறிக் கார் அடுப்பாகக் காய்ந்தது. அண்ணி வேர்க்க விறுவிறுக்க, சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். "நான் லேட்டாக் கட்டினேன்னு மட்டும் சொல்லாதீங்க. அதை முதல்ல வாபஸ் வாங்குங்க." அவருக்கு லாரிகூட அப்புறம்தான், பேர் கெட்டுப்போனதுதான் தாங்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? பத்து மணி ஆகி, தாண்டியும் போய்விட்டது.

கடைசியில் அந்தப் பிரிவுக்காரர் இறங்கிவந்தார். "உங்க மேல தப்பில்லை மேடம். தேதி மாறினதால வந்த குழப்பம். இந்த ஒரு தடவை லாரி அனுப்பறோம்."

அண்ணி போனை வைத்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க!"

என் கைப்பேசியில் பரீட்சை அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. வரவில்லை என்று பதிவாகிவிட்டது, மீண்டும் விண்ணப்பிக்கவும். அதை அவர் முன்னால் நீட்டினேன். படித்தார். முகத்திலிருந்த வெற்றி மெல்ல வடிந்தது. ஆனாலும் அவர் அண்ணியல்லவா, உடனே கையை நீட்டினார்.

"நம்பரைக் குடு. நான் பேசறேன். அவங்களை ஒரு வழி பண்ணிடறேன்."

"வேண்டாம் அண்ணி."

அவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். கண்ணை மறைத்தது அழுகையா கோபமா, எனக்கே தெரியவில்லை. பின்னாலிருந்து அவர் குரல், முன்பு எப்போதும் கேட்டிராத அளவுக்குத் தணிந்து வந்தது.

"எங்க போற? இரும்மா. லாரில நமக்கும் சீட் உண்டு. ஃப்ரீயாவே வீடு வரைக்கும் விட்டுடுவாங்க."

நான் திரும்பவில்லை.

"இல்ல அண்ணி. நான் காசு குடுத்தே போறேன்."