சிரித்த முகத்தோடு வந்த ஜாக்கி

1940களில் மயிலாப்பூரில் டாக்டராக இருந்தேன். பந்தயக் குதிரையிலிருந்து விழுந்து, தீராத இடுப்புவலியால் தொழிலை விட்ட ஜாக்கி ஒருவர், நஷ்டஈட்டுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார். எங்கே அழுத்தினாலும் சிரித்த முகத்தோடு படுத்திருந்தார். பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டி, "வலி இல்லை" என்று எழுதி, அவரிடமும் சொன்னேன்.

"இன்னா டாக்டரே, உயிர் போவுதே!" என்று அவர் வாயைத் திறந்ததும் அதிர்ந்துபோனேன். பல்லெல்லாம் ரத்தம். அவ்வளவு நேரமும் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வலிச்சா கத்தியிருக்கலாமே, பாய்?"

"மூஞ்சில வலியக் காட்டுனா ஓட்டறதுக்குக் குதிர குடுக்க மாட்டாங்க. இருவது வருசமா மறைச்சு மறைச்சு பழகிப்போச்சு."

அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. அதற்குமுன் முகத்தை மட்டும் பார்த்து எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்பேனோ, தெரியவில்லை.