ஒலீட்டாவின் மீன் வயிற்றில் இருந்த ஈயம்

சென்ற ஆண்டு அக்டோபர் பதினான்காம் நாள், நண்பகல் பன்னிரண்டே கால் மணிக்கு, சீடர்ஃபோர்க் ஏரிப் படகுத்துறையில் எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் எடைத்தாளில் ஒரு பொய் எழுதப்பட்டது. சங்கத்தின் எழுத்தர் நான்; எழுதிய கை என்னுடையது. ஆகவே அதைத் திருத்தும் கடமையும் என்னுடையதே.

அந்தப் பொய்யைச் சுமந்தவர் ஒலீட்டா பிரிக்ஸ். வயது ஐம்பத்தொன்பது. இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். நான் அங்கே ஆசிரியராக இருந்த காலத்தில், மூடுபனியினால் வகுப்பு தாமதமாகத் தொடங்கிய நாட்கள் உண்டு. அவருடைய பேருந்தினால் தாமதமான நாள் ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமைகளில் அவருக்கு வேறு வாகனம்: பன்னிரண்டு அடி நீளமுள்ள, தட்டையான அலுமினியப் படகு. அதன் பின்னால் தையல் இயந்திரம் போல முணுமுணுக்கும் மின்மோட்டார் ஒன்று. எங்கள் ஏரியில் குளிர்காலந்தோறும் லாரியில் டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடுவார்கள். அவற்றைத் தின்றே எங்கள் பாஸ் மீன்கள் கொழுக்கின்றன. முழங்கை நீள டிரவுட்டை விழுங்கிப் பழகிய மீன் புழுவுக்கு வாய் திறக்காது. எனவே ஒலீட்டாவும் அவரைப் போன்றோரும் டிரவுட் அளவிலேயே செய்த, வாலசைத்து நீந்தும் பொய் இரைகளை வீசுகிறார்கள். காலை முதல் மாலை வரை முந்நூறு முறை வீசிவிட்டு, ஒரு கடிகூட இல்லாமல் வீடு திரும்பி, அடுத்த வாரமும் வருவதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

பத்துப் பவுண்டைத் தாண்டிய பாஸ் மீன்கள் எல்லாம் பெண் மீன்கள். பன்னிரண்டு, பதினைந்து வயதானவை. அவற்றை எடைபோட்டபின் உயிரோடு ஏரியில் விடவேண்டும் என்பது பெரிய இரை வீசுவோரின் எழுதப்படாத சட்டம். இவர்கள் அவற்றை "அவள்" என்றே பேசுவார்கள்.

எழுதப்பட்ட சட்டமும் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஏரியில் எவனோ மீனின் வயிற்றில் ஈயக்குண்டுகளைத் திணித்து எடையைக் கூட்டினான். அதன்பின் எங்கள் சங்கமும் விதி வகுத்தது: முதலிடம் பெறும் மீனின்மேல் உலோகம் காட்டும் கருவியை வைக்கவேண்டும், கருவி ஒலித்தால் மீனை அறுத்துப் பார்க்கவேண்டும். அந்த விதிக்கு முதலில் கை தூக்கியவர்களுள் ஒலீட்டாவும் ஒருவர்.

அன்று விடியலில் போட்டிக்குப் படகுகள் புறப்பட்டபோது, சங்கத் தலைவர் கேரி ஸ்ட்ரவுட் தம்முடைய மினுமினுக்கும் இருபத்தோரடிப் படகின் மேலிருந்து குனிந்து பார்த்தார். துறையில் தூண்டில் கடை வைத்திருப்பவரும் அவர்தாம்.

"என்ன ஒலீட்டா, குளிக்கிற தொட்டியையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"தொட்டிதான் கேரி. இது போற எடத்துக்கு உன் கப்பல் வராது."

அவர் கிளப்பிய அலையில் ஒலீட்டாவின் காப்பிக் குடுவை கவிழ்ந்தது. அதை அவர் கவனித்திருக்கமாட்டார் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

நாணல் அடர்ந்த ஒரு முடுக்கில், முழங்கால் ஆழ நீரில், ஒலீட்டா தம் பெரிய இரையை வீசினார். கரிய நிழல் ஒன்று படகுவரை அதன் பின்னாலேயே வந்து, பார்த்துவிட்டுத் திரும்பியது. பதற்றப்படாமல் இன்னொரு தூண்டிற்கோலை எடுத்து, நீர்மட்டத்தில் இடமும் வலமுமாகத் தத்திச் செல்லும் மர இரையை அதே இடத்தில் விட்டார். மூன்றாம் தத்தலில் நீர் வெடித்தது; மீன் மாட்டியது.

அவளைப் படகில் ஏற்றியபோதுதான், தொண்டைக்குள்ளிருந்து எலுமிச்சை நிறத் தூண்டில் நரம்பொன்று நீட்டிக்கொண்டிருப்பதை ஒலீட்டா கண்டார். யாருடைய தூண்டிலிலோ முன்பே அறுத்துக்கொண்டு போனவள் அவள். விழுங்கியதை வெளியே இழுத்தால் குடல் கிழியும்; நரம்பை ஒட்ட அறுத்துவிட்டால் மீன் பிழைக்கும். இப்படித்தான் எல்லாரும் கற்றிருக்கிறோம்; ஒலீட்டாவும் ஒட்ட அறுத்தார். அவர் செய்த பிழை அது ஒன்றே. தமக்கிருந்த ஒரே சாட்சியை அவர் தம் கையாலேயே வெட்டிவிட்டார். வெட்டிய துண்டை ஏரியில் எறியாமல், குப்பைக்கென்று வைத்திருந்த தகரடப்பாவில் போட்டார்.

சிறு படகில் மீன் தொட்டி கிடையாது. ஒரு பழைய ஐஸ் பெட்டிதான். மணி ஏழே முக்கால். எடைபோடுவதோ பன்னிரண்டு மணிக்கு. மற்றவர்கள் இன்னொரு மீனுக்காக அலைந்துகொண்டிருக்க, ஒலீட்டா துறைக்குத் திரும்பி, நான்கு மணி நேரம் வாளியால் நீர் மாற்றிக்கொண்டே இருந்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன். மீனின் வயிற்றில் ஈயம் திணித்தவர் அதன் மூச்சுக்காக அப்படி மாரடிப்பாரா என்று அப்போதே கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை.

பதின்மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ். ஸ்ட்ரவுடின் மீன் ஒன்பது பவுண்டு நான்கு அவுன்ஸ். துறையில் கைதட்டல் அடங்குமுன் கருவி ஒலித்தது. இரண்டாம் முறை வைத்தார்கள், மீண்டும் ஒலித்தது. ஸ்ட்ரவுட் கத்தியை எடுத்தார். ஒலீட்டா தம் இரு கைகளையும் துறையிலிருந்த நீர்த்தொட்டிக்குள் விட்டு மீனை அணைத்துக்கொண்டார். நரம்பைக் கண்டதையும் அறுத்ததையும் சொல்லி, டப்பாவிலிருந்த துண்டையும் காட்டினார். ஸ்ட்ரவுட் அதை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார்.

"நரம்புத் துண்டு யார்கிட்டதான் இல்ல? கைய எடும்மா. நீயும் கை தூக்கிப் போட்ட சட்டந்தானே."

"பரிசு எனக்கு வேணாம். என் பேர அடிச்சிடுங்க. இவள அறுக்காதீங்க."

"அறுக்கவிடலேன்னா நீயே ஒத்துக்கிட்டதா ஆகும். யோசிச்சுக்கோ."

ஒலீட்டா யோசிக்கவில்லை. மீனைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கி, இடுப்பளவு நீரில் நின்று, அது தானாக வால் அசைக்கும்வரை பிடித்திருந்து, பின் நீந்த விட்டார். ஸ்ட்ரவுட் என் பக்கம் திரும்பி, "எழுதுங்க டீச்சர். மோசடி, தகுதி நீக்கம்" என்றார். நான் எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன்.

ஊர் தன் வேலையைத் தொடங்கியது. ஒலீட்டாவின் தபால் பெட்டியில் யாரோ ஈயக்குண்டுகளைப் போட்டார்கள். ஒரு நாளல்ல, மூன்று வாரம். பேருந்தில் ஏறும்போது ஒரு சிறுமி, "உங்க மேல மிஷின் வெச்சா சத்தம் வருமாமே, அப்பா சொன்னாரு" என்றாள். இதை ஒலீட்டாவே பின்னர் என்னிடம் சொன்னார். இருபத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கியவரைப் பற்றித் தன் பிள்ளையிடம் அப்படிப் பேச ஒரு தகப்பனுக்கு நா எழுந்திருக்கிறது.

ஆண்டிறுதியில் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டைப் படியெடுக்க உட்கார்ந்தபோதுதான் செப்டம்பர்க் கூட்டத்தின் பக்கம் கண்ணில் பட்டது. என் கையெழுத்துத்தான். தலைவர் ஸ்ட்ரவுட் மாபெரும் மீன் ஒன்றை இழந்த கதையைக் கால்மணி நேரம் விவரித்ததாகவும், வயிற்றில் ஈயம் பொதிந்த ஒன்பது அங்குல ரப்பர் டிரவுட்டை அது முழுதாக விழுங்கியதாகவும், தம் கடைக்குப் புதிதாக வந்த எலுமிச்சை நிற நரம்பு அறுந்துபோனதாகவும், இடத்தை மட்டும் கூற மறுத்ததாகவும் வரிக்கு வரி எழுதியிருந்தேன்.

ஜனவரிக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை வாசித்தேன். ஸ்ட்ரவுட் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அந்த மீன் மொதல்ல எனக்குத்தான மாட்டிச்சு?"

அறையில் சிலர் தலையாட்டினார்கள். ஆம், தலையாட்டினார்கள்! அன்று அந்த நரம்பை விரலில் உருட்டியபோதே தம்முடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

ஒலீட்டா எழுந்தார். "ஆமா கேரி, உனக்குத்தான் மாட்டிச்சு. உன் சாமானையும் சேத்து முழுங்கிட்டுப் போயிட்டா. நான் அவளத் தண்ணில விட்டேன். நீ அவள அறுக்கப் பாத்த. அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு வாக்கெடுப்பு. விதியின்படி உலோகம் உலோகமே, யாருடையதாயினும் முடிவு மாறாது என்று பதினொருவர். மாறவேண்டும் என்று ஒன்பதின்மர். "மோசடி" என்ற சொல்லை மட்டும் அடிக்க இசைந்தார்கள். வேறென்ன வேண்டும் என்று ஒலீட்டாவைக் கேட்டபோது, விதியிலிருந்து கத்தியை எடுக்கச் சொன்னார். அதற்குமட்டும் எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஒன்றைத் தவிர. மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. தபால் பெட்டியில் ஈயம் போட்டவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைச்சுவரிலுள்ள வெற்றிப் பலகையில் இன்றும் ஸ்ட்ரவுடின் பெயரும் ஒன்பது பவுண்டு நான்கு அவுன்ஸும் மின்னுகின்றன. எடைத்தாளில் அடித்த சொல்லுக்குப் பக்கத்தில், யாரையும் கேளாமல் நான் எழுதினேன்: ஒலீட்டா பிரிக்ஸ், பதின்மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ், உயிரோடு விடப்பட்டது. மறுப்பவர்கள் என்னிடம் வரட்டும்.

தபால் பெட்டியில் சேர்ந்த ஈயத்தையெல்லாம் உருக்கி, தம்முடைய புதிய இரையின் வயிற்றில் ஊற்றிவிட்டார் ஒலீட்டா. போன சனிக்கிழமை அது நீந்தும் அழகைத் துறையோரத்தில் எனக்குக் காட்டினார். இந்த வரலாற்றை அச்சுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று அப்போது சொன்னேன். அவர் நரம்பைச் சுற்றி முடித்தார்.

"எழுதுங்க டீச்சர். யார் பேரையும் விட வேணாம். எந்த முடுக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க."