கவிச்சி ரோடு

எங்கள் குப்பத்திலிருந்து தார்ரோட்டுக்குப் போகும் மண்பாதை ஐப்பசி பிறந்தால் சேறாகிவிடும். யாருக்கு என்ன ஆனாலும் ஆம்புலன்ஸ் தார்ரோட்டிலேயே நின்று ஹாரன் அடிக்கும். ஆளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாங்கள்தான் ஓட வேண்டும். அந்த வருஷம் என் மருமகளுக்குக் கார்த்திகையில் பிரசவம். மீன் கூடையோடு அந்தச் சேற்றை மிதிக்கும்போதெல்லாம் அவளை இதில் எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றே நினைப்பு.

அப்போதுதான் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து வந்தார்கள். பிளாஸ்டிக் குப்பையைச் சின்னதாக நறுக்கி மண்ணோடு கலந்து இறுக்கினால் மண் கெட்டிப்படுமாம். குப்பைக்கா பஞ்சம்? ஏரியில் வலை போட்டால் மீனுக்கு முன்னால் பாட்டில்தான் வருகிறது. முதலில் கொஞ்ச தூரம் போட்டுப் பார்ப்பார்கள். அது நின்றால் மழைக்கு முன் முழுப் பாதையும். பிளாஸ்டிக் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். சுத்தம்தானே என்று ஐஸ் பை, உடைந்த மீன் கூடை, கருவாட்டுப் பை எல்லாவற்றையும் ஏரித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கொடுத்தோம்.

பாதை போட்டு, போட்டோ எடுத்து, கைதட்டிவிட்டுப் போனார்கள். காலையில் பார்த்தால் பாதையைக் காணோம். குப்பத்து நாய்கள் கூட்டம் போட்டுத் தோண்டியிருந்தன. ஓடிவந்த பேராசிரியர் மண்ணைக் கையில் அள்ளி, ஈரப்பதம் சரியில்லை என்றார். பக்கத்தில் ஒரு நாய் கருவாட்டுப் பைத் துண்டை மென்றுகொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

என் மருமகள் அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். வந்த நாளிலிருந்து முந்தானையை மூக்கைவிட்டு இறக்கியதில்லை. மாசமான பிறகு இன்னும் மோசம். அதற்காக நான் அவளைப் பேசாத பேச்சில்லை. அவள்தான் வாசலில் நின்றபடி சொன்னாள்: "கவிச்சி அடிக்குது அத்தே. நாய்க்குத் தெரியுது, உங்களுக்குத்தான் தெரியல."

குப்பமே கூடி மோந்து பார்த்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மீனிலேயே கிடக்கிற மூக்கு வேறென்ன சொல்லும்?

அப்புறம் வெந்நீர், சோப்புத்தூள், எலுமிச்சம்பழம். கழுவிய ஒவ்வொரு பிளாஸ்டிக் மூட்டையும் அவள் முன்னால் போனது. குமட்டினால் மறுபடி கழுவ வேண்டும், சும்மா இருந்தால் பாஸ். கல்லூரிக்காரர்கள் கொண்டுவந்த மிஷின்களில் இதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைத்தாய்ச்சியை இப்படிப் படுத்துகிறோமே என்று எனக்கு அழுகையே வந்தது. அவளோ வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். அந்த ரோடு யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா?

இந்த முறை பாதை நின்றது. மீதியையும் போட்டார்கள். நாய்கள் அதன்மேல் படுத்துத் தூங்கின. தார்ரோட்டு முனையில் வைத்த பலகையில் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தது, ஊர்த் தலைவரின் மச்சானுக்குக்கூட. மூக்குக்கு மட்டும் இடமில்லை.

கார்த்திகையில் கொட்டுகிற மழையில் வலி கண்டது. ஆம்புலன்ஸ் எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. அவளோடு பின்னால் ஏறப் போனேன். அந்த வலியிலும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க முன்னாடி குந்துங்க அத்தே. உங்க மேல இன்னும் அடிக்குது."

முன்னால் போய் ஏறி உட்கார்ந்தேன். தார்ரோடு வரைக்கும் வண்டி ஓரிடத்திலும் புதையவில்லை.