முடிந்த மாதங்கள்

தொண்ணூறுகளில், சண்டைக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய டீச்சர் ஒருவர், உறவினர் கலியாணத்துக்காக ஆக்லாந்து வந்திருந்தார். மெலிந்த உடம்பு. ஷெல் குண்டு விழுந்ததில் ஒரு காது கேட்காது. எந்தத் தாளைக் கண்டாலும் விரல்களால் பிடித்துத் தடிப்புப் பார்ப்பார். பிள்ளைகள் விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்துக் குத்தத் தடித்த தாள் வேண்டும். சண்டையால் யாழ்ப்பாணத்தில் அது கிடைப்பதில்லை. எப்சம் பகுதியில் அவர் தங்கியிருந்த எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் விழும், வீடு விற்கும் தடித்த விளம்பரத் தாள்களை எல்லாம் அவரே எடுத்துக்கொண்டார்.

"திரும்பிப் போகாதேங்கோ, டீச்சர். குண்டுக்குள்ள என்ன பள்ளிக்கூடம்? விசா அலுவலை நான் பாக்கிறன்" என்றார் என் கணவர்.

"பள்ளிக்கூடம் இடம் மாறியிருக்குத் தம்பி, மூடேல்லை. சரி, நான் இங்க நிக்கிறன். எனக்குப் பதிலா ஆர் போறியள்?"

டீச்சர் எழுந்து எங்கள் சுவர்க் கலண்டரைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல தடிச்ச தாள். இதைத் தாங்கோ."

"வருஷம் முடியேல்லையே, டீச்சர்" என்றேன்.

"முடிஞ்ச மாதங்களைத் தாங்கோவன்."

கிழித்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே அவர் திரும்பிப் போய்விட்டார்.

இன்றும் மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து அடுக்கி வைக்கிறேன். 'எனக்குப் பதிலா ஆர் போறியள்?' என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அவ்வளவுதான்.