அத்தை கையால் எழுதிய அழைப்பிதழ்

அத்தையின் கல்யாண அழைப்பிதழ் மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்தபோது எனக்கு எட்டு வயது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஜொகூர் பாருவில் வேலை பார்த்தவர், அங்கேயே ஒரு கிறிஸ்துவ மாப்பிள்ளையைத் தானே தேடிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வருடமாக அப்பா அவரோடு பேசவில்லை. அத்தை அழைத்தால் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

அட்டை யானைத்தந்த நிறம். ஆங்கில எழுத்துகள் தங்க நிறத்தில் சாய்ந்து, ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின. அத்தை பெயரின் முதலெழுத்து பாகற்கொடிபோலச் சுருண்டு மேல்வரிவரை ஏறியிருந்தது. பள்ளியில் நாங்கள் ஆங்கிலத்தைச் சேர்த்தெழுதப் பழகிக்கொண்டிருந்த சமயம் அது. என் எழுத்துகள் கோட்டில் நிற்கவே நிற்காது. இங்கே ஒரு பிசிறுகூட இல்லை. அத்தனையும் அத்தை உட்கார்ந்து கையால் எழுதியது என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்பா தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் அம்மா அட்டையை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். அவர் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"சுழி சுழியா இருக்கு, எனக்குப் புரியல. நீ படிம்மா."

விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் வரியிலேயே அப்பா, அம்மா பெயர்கள். தங்கையின் திருமணத்துக்கு அவர்கள் இருவரும் எல்லாரையும் அழைப்பதாக எழுதியிருந்தது.

"அந்த மொத வரிய மறுபடி படி."

படித்தேன்.

"என்னைக் கேக்காமயே போட்டிருக்கா" என்றார்.

கோபம் வந்துவிட்டதென்று பயந்தேன். கல்யாணத்துக்குப் போகாமல் போய்விடுவோமோ என்ற கவலையில் அவசரமாகச் சொன்னேன்: "அப்பா, அத்தை உங்க பேர கையாலயே எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் இப்படி எழுதுனா கை வலிக்கும்ல?"

சமையலறை வாசலில் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா அட்டையை வாங்கித் தன் பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"வலிக்கும் லா" என்றார். பிறகு அம்மாவிடம், "அந்தச் சனிக்கிழமைக்கு லீவு சொல்லணும்."

மண்டபத்தில் அப்பாவைக் கண்டதும் அத்தை மாலையோடு மேடையைவிட்டு இறங்கி வந்தார். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நான் அத்தையின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "கார்டு எழுதி எழுதிக் கை வலிச்சுச்சா அத்தை?" என்றேன். அவர் விழித்தார்.

"வலிச்சுச்சுன்னு சொல்லு" என்றார் அப்பா. ஒரு வருடம் கழித்துத் தங்கையிடம் அவர் பேசியது அதுதான். அத்தை அழுதுகொண்டே தலையாட்டினார்.

இடைநிலைப் பள்ளியின் கணினி வகுப்பில் அதே எழுத்துரு பட்டியலில் கிடந்ததைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. அது அச்செழுத்து என்பது அன்றே விளங்கிவிட்டது. ஆனால் தொழிற்சாலையில் தினமும் யார் யாரோ கிறுக்கிய ஆங்கிலத்தையெல்லாம் படித்துக் கையெழுத்திட்ட அப்பாவுக்கு, அந்த ஒரு வரியைப் படிக்க நான் எதற்கு என்பது விளங்க இன்னும் பல வருடங்கள் ஆயின.